பதினேழுக்குள் அடங்காத ஐப்பசி

காவிரி டெல்டாவில் புரட்டாசி பிறந்துவிட்டால் எல்லார் வாயிலும் ஒரே எண்தான்: 17. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் அரசு வாங்கும். தாண்டினால், "காயவச்சு எடுத்துட்டு வாங்க." வாசலில் பரப்பிய நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே "பதினெட்டு இருக்கும்போலருக்கே" என்று சொல்லும் பாட்டிகளை எங்கள் பக்கம் பார்க்கலாம். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். அதிலேயே ஒரு சதவீதம் முன்னே பின்னே சொல்லிவிடுவார்கள். ஆனால் பில் போடுவது மெஷினை வைத்துத்தான். ஒரு கை நெல்லைக் கிண்ணத்தில் போட்டு, மேலே திருகி இறுக்கினால் எண் வரும். அந்த எண் வருகிற சில நொடிகள் சுற்றி நிற்கும் யாரும் பேச மாட்டார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஓர் எண்ணைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது, கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல் விட மனசு வராது. மன்னார்குடிப் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. குறுவை அறுப்புச் சமயத்தில் லீவு கிடைத்தால் போய்விடுவேன். உதவிக்குப் போவதாகப் பெயர். பெரும்பாலும் மூட்டை மேல் உட்கார்ந்து பேச்சுக் கேட்பதுதான் நடக்கும். அங்கே கேட்டதையும், அப்புறம் தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

இந்த 17ஐப் போட்டது மத்திய அரசின் உணவு மற்றும் பொது விநியோகத் துறை. ஒவ்வொரு கொள்முதல் பருவத்துக்கும் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு தரப் பட்டியலை அது வெளியிடுகிறது. கல், மண் 1 சதவீதம் வரை இருக்கலாம். பதர், வைக்கோல் துணுக்கு 1. சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டு அரித்த நெல் 5. முதிராத, சுருங்கிய நெல் 3. மட்டமான ரகம் கலந்திருந்தால் 6. ஈரப்பதம் 17. பட்டியலைப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. பதரையும் தூசியையும் தூற்றும் மெஷினில் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஈரத்தைத் தூற்ற முடியாது. அதற்கு வெயில் வேண்டும். அந்தப் பருவத்தில் டெல்டாவில் இல்லாத ஒரே சரக்கு அதுதான்.

முதலில் அந்த எண்ணின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் பேச மாட்டார்கள். ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே சூடு பிறக்கும். கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அப்புறம் பூஞ்சை, முளைப்பு, அரிசி பழுப்பாவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த அரிசி பிறகு ஏதாவது ஒரு ரேஷன் கடையில், ஏதாவது ஒரு வீட்டுப் பாத்திரத்தில் போய்த்தான் விழும்.

இரண்டாவது விஷயம் எடை. 22 சதவீத ஈரத்தில் ஒரு டன் நெல் வாங்கினால், உண்மையான சரக்கு 780 கிலோ, மீதி தண்ணீர். அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 940 கிலோதான் மிஞ்சும். 60 கிலோ ஆவியாகிப் போய்விடுகிறது. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய், அதன்மேல் தமிழக அரசின் ஊக்கத்தொகை 156, ஆக 2,545. அந்த 60 கிலோவின் விலை 1,500 ரூபாய்க்கு மேல். 40 கிலோ மூட்டை ஒவ்வொன்றிலும் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் லட்சக்கணக்கான டன் வாங்குகிற அமைப்புக்கு இது சில்லறை விஷயமில்லை. இந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் சண்டையின் அடி. மற்றதெல்லாம் அதன்மேல் கட்டிய பேச்சு.

சரி, இப்போது மாமா பக்கம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுக்கும் அக்டோபரில் தென்மேற்குப் பருவமழை விலகிப்போயிருக்கும். பகலில் நல்ல வெயில், காய்ந்த காற்று. அங்கே 17 என்பது விவசாயி கொஞ்சம் பொறுத்தால் வந்துசேரும் எண். இங்கே ஜூனில் மேட்டூர் திறந்து, குறுவை நட்டு, அறுப்புக்கு வரும்போது புரட்டாசி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பே மாலை இடிமழை ஆரம்பித்துவிடும். அதாவது அறுப்பும் மழையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன.

இதில் ஆள்கள் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. முன்பெல்லாம் கையால் அறுத்து, அரியை வயலிலேயே காயப்போட்டு, கட்டுக் கட்டிக் களத்துக்குக் கொண்டுபோய் அடிப்பார்கள். நெல் மணி களத்துக்கு வருவதற்குள் பாதி ஈரம் போயிருக்கும். இப்போது பெல்ட் வண்டி வயலில் இறங்கி, நின்ற பயிரை அறுத்த கையோடு அடித்து, பச்சை நெல்லாகக் கொட்டிவிடுகிறது. சேற்றில் நிற்கிற பயிர், அன்றைய பனி, எல்லாம் சேர்ந்தே வருகிறது. அறுப்புக்கு ஆள் கிடைக்காத ஊரில் வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நெல் அறுக்கும் முறை மாறியதும் காயும் இடைவெளி காணாமல் போனது. களமும் போனது, பல ஊர்களில் களம் இருந்த இடத்தில் கட்டடம். அதனால்தான் தார்ச்சாலையில் பாதியை மறித்து நெல் காய்கிறது, பைக்கில் போகிறவர்கள் திட்டிக்கொண்டே ஓரமாகப் போகிறார்கள்.

பிறகு ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. மழை பெய்யும். நெல் நனையும். செய்தித்தாளில் முளைவிட்ட நெல்லைக் கையில் ஏந்திய விவசாயியின் படம் வரும். ஈரப்பதத்தை 22 வரை தளர்த்துங்கள் என்று மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். டெல்லியிலிருந்து குழு கிளம்பி வரும். ஒவ்வொரு நெல் கொள்முதல் நிலையமாகப் போய், மூட்டையில் குத்தூசி விட்டு, மாதிரி எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைக்கும். மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை டெல்லிக்குப் போகும். சில வருடம் ஒன்றிரண்டு சதவீதம் இறங்கி வருவார்கள். சில வருடம் முடியாது என்று பதில் வரும். எப்படி இருந்தாலும் பதில் வரும்போது அந்த நெல் ஒன்று விற்றுப்போயிருக்கும், அல்லது முளைத்துப்போயிருக்கும்.

"அவங்க வந்து பாத்துட்டுப் போறதுக்குள்ள மழ விட்டுருது மாப்ளே" என்றார் மாமா. "வெயில்ல வந்து நின்னுக்கிட்டு, ஈரம் எங்கன்னு கேக்குறாங்க."

அவர் நையாண்டியாகச் சொன்னது அமைப்பின் கோளாறு. வடகிழக்குப் பருவமழை திடீர் விபத்து அல்ல. அது வருமா என்ற சந்தேகத்தைவிட வரும் என்ற நிச்சயம் அதிகம். அப்படித் தவறாமல் வருவதற்கு, தவறாமல் விதிவிலக்குக் கேட்டு, தவறாமல் குழு அனுப்புவது என்ன நிர்வாகம் என்று எனக்குப் புரியவில்லை. விதிவிலக்கே வழக்கமாகிவிட்டால் அது விதியில் ஏற வேண்டியது இல்லையா?

இதைப் புரிந்துகொள்ள, அரசுக்காகத் தானியம் வாங்கும் அமைப்பு எதற்காகப் பிறந்தது என்று பார்க்கப் போனேன். போன இடம் மறுபடியும் தஞ்சாவூர். இந்திய உணவுக் கழகம் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1965 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலை ஒட்டி, வேலையைத் தொடங்கியது. தலைமையகம் அப்போது சென்னை. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். டெல்லிக்கு இடம் மாறியது பிறகுதான். இன்று டெல்டாக்காரர்கள் 'டெல்லிக்காரன் கழகம்' என்று ஏசுவது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பிறந்த பிள்ளையை.

அப்போது மத்திய உணவு, வேளாண் அமைச்சர் சி.சுப்பிரமணியம். உணவும் வேளாண்மையும் ஒரே அமைச்சகமாக இருந்த காலம். நாட்டில் தானியம் இல்லை. 1954இல் அமெரிக்கா கொண்டுவந்த பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. 1966இல் மட்டும் இறக்குமதி சுமார் 1 கோடி டன். துறைமுகத்தில் இறங்குவது அப்படியே வயிற்றுக்குப் போகும் நிலை. தமிழ்நாட்டில் அரிசிக்கு அடிதடி. 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று முழங்கியதை அப்பா தலைமுறை இன்றும் ராகத்தோடு சொல்லும். அந்தப் பஞ்சத்துக்கு நடுவில் சி.எஸ். பிடித்துக்கொண்ட யோசனை எளிமையானது: விளைவித்தால் கட்டுப்படியான விலை நிச்சயம் என்று விவசாயிக்குத் தெரிந்தால்தான் அவன் புது விதைக்கும் உரத்துக்கும் காசு போடுவான். விலையைச் சொல்ல ஓர் ஆணையம் (அதுவும் 1965தான், இன்று வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம்), சொன்ன விலைக்கு வாங்க ஒரு கழகம். அதே அமைச்சரவையில் நிதியைக் கையில் வைத்திருந்தவரும் ஒரு தமிழர், டி.டி.கிருஷ்ணமாச்சாரி. விவசாயிக்கு விலை, ஏழைக்குச் சோறு, கஜானாவுக்குச் சிக்கனம் என்று மூன்றும் முதல் நாளிலிருந்தே ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன.

நான் சொல்ல வந்தது இதுதான். உணவுக்கென்று அரசு வைத்திருக்கும் எந்த அமைப்புக்கும் எஜமானர் ஒருவர் இல்லை. விளைவிக்கிறவன் நல்ல விலை கேட்கிறான். சாப்பிடுகிறவன் மலிவாகவும் சுத்தமாகவும் கேட்கிறான். நிதித்துறை குறைந்த செலவில் முடி என்கிறது. மூவர் கேட்பதையும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. அதனால் அமைப்பு என்ன செய்கிறது? யார் முகமும் தெரியாத ஓர் எண்ணை நடுவில் வைத்துவிட்டு அதன் பின்னால் நின்றுகொள்கிறது. 17 அப்படிப்பட்ட எண். அதை வைத்து டெல்லியில் யாரும் தனிப்பட்ட முறையில் மாமாவிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டியதில்லை, மெஷின் சொல்லிவிடும்.

இன்று வேளாண் அமைச்சகம் வேறு, உணவுத் துறை வேறு. இரண்டும் நெடுங்காலம் டெல்லியில் ஒரே கட்டடத்தில், கிருஷி பவனில் இருந்தன என்பதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது வேளாண் பக்கத்து ஆணையம். அந்த விலைக்கு வாங்குவது உணவுப் பக்கத்துக் கழகம். உணவு மானியத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 2 லட்சம் கோடி ரூபாயை ஒட்டிப் போகிறது; அது மொத்த வேளாண் அமைச்சகத்துக்கு ஒதுக்குவதைவிட அதிகம். பூச்சிமருந்துக்குப் பதிவு கொடுப்பது வேளாண் பக்கம். சோற்றில் அந்த மருந்து எவ்வளவு மிஞ்சலாம் என்று வரம்பு போடும் உணவுப் பாதுகாப்பு ஆணையமோ சுகாதார அமைச்சகத்தில். வேளாண்மை அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருள் வணிகம் பொதுப் பட்டியலில். ஒரு நெல் மணி மாமாவின் வயலிலிருந்து நம் தட்டுக்கு வருவதற்குள் எத்தனை துறையின் எல்லையைத் தாண்டுகிறது என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. இங்கே நெல்லை நேரடியாக வாங்குவது உணவுக் கழகம் அல்ல, 1972இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். பரவலாக்கப்பட்ட கொள்முதல் என்று மத்திய அரசு 1997-98இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாநிலமே வாங்கி, அரைத்து, சேமித்து, தன் ரேஷனுக்குக் கொடுத்துக்கொள்ளும். செலவை மத்திய அரசு கணக்குப் பார்த்துத் தரும். 2002 முதல் தமிழ்நாடு இதில் இருக்கிறது. ஆகவே கொள்முதல் நிலையத்தில் நிற்கும் பில் கிளர்க் மாநிலத்தின் ஆள், அவர் கையில் இருக்கும் அளவுகோல் மத்திய அரசினுடையது. 18 காட்டும் நெல்லை அவர் இரக்கப்பட்டு வாங்கிவிட்டால் நாளைக்கு எடை குறையும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தினக்கூலி மாதிரியான சம்பளத்தில் பருவகால வேலை பார்க்கும் ஆள்களின் தோளில் நாட்டின் உணவுக் கொள்கை இப்படி வந்து உட்காருகிறது. அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் புகார்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்தப் புகார்கள் பிறக்கும் இடம் 17க்கும் 19க்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எட்ட முடியாத எண்ணை வைத்தால், அதை எட்டியதாக எழுதித்தருவதற்கு ஒரு விலை உருவாகத்தான் செய்யும்.

சாக்கு விஷயத்தைச் சொல்லாமல் போனால் மாமா கோபித்துக்கொள்வார். நெல் காய்ந்துவிட்டது, ஈரப்பதம் 16 என்றே வைத்துக்கொள்வோம். "சாக்கு வரல, நாளைக்குப் பாக்கலாம்" என்பார்கள். அந்த நாளைக்குள் ஒரு மழை. சாக்கு ஏன் வரவில்லை? தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987இல் ஒரு சட்டம் இருக்கிறது. வங்காளத்துச் சணல் விவசாயியையும் ஆலைத் தொழிலாளியையும் காப்பாற்றப் போட்ட சட்டம். அந்தச் சாக்கு விநியோகத்தைப் பார்த்துக்கொள்வது கொல்கத்தாவில் இருக்கும் சணல் ஆணையர். அவர் ஜவுளி அமைச்சகத்தின் ஆள். திருவாரூரில் ஒரு நெல் குவியல் நனைவதற்கும் ஹூக்ளிக் கரையில் ஓர் ஆலை ஓடுவதற்கும் இப்படி ஒரு முடிச்சு. சணல் விவசாயியும் விவசாயிதான், அவரைக் காப்பாற்றக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விவசாயியைக் காக்கும் விதி இன்னொரு விவசாயியை ஒருநாள் மழையில் நிறுத்துகிறது என்பது எந்தக் கோப்பிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

வாங்கிய நெல் அரவைக்குப் போகிறது. அங்கும் ஓர் எண்: 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ அரிசி திரும்ப வர வேண்டும். நெல்லில் கூடுதல் தண்ணீர் இருந்தால் ஆலைக்காரருக்கு இந்தக் கணக்கு உதைக்கும். அதனால் ஆலைக்காரரும் ஈர நெல்லை வாங்கத் தயங்குவார். கிடங்கில் இடம் காலியாகாது. நிலையத்தில் மூட்டை தேங்கும். திறந்தவெளிக் கிடங்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் அட்டிகளைப் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இழுக்கிறது.

தட்டின் பக்கம் வந்தால் கதை வேறு மாதிரி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் 81 கோடிப் பேருக்கு மலிவு விலைத் தானியத்தை உரிமையாக்கியது. 2023 ஜனவரி முதல் அதுவும் இலவசம். உணவுக் கழகத்துக்கு ஒரு கிலோ அரிசியை வாங்கி, அரைத்து, சேர்த்துவைத்து, கொண்டுபோய்ச் சேர்க்க 40 ரூபாயை ஒட்டி ஆகிறது. வாங்குகிறவர் கொடுப்பது பூஜ்யம். இதைப் பெரிய வீண்செலவு என்று சென்னையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரிசிக்காகக் கூட்டம் அடித்துக்கொண்ட ஊர், இரண்டு தலைமுறைக்குள் அரிசியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாத ஊராக மாறியிருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு.

எனக்கு உறுத்துவது அந்த அரிசியோடு பேச்சே வராததுதான். செறிவூட்டப்பட்ட அரிசி வந்தபோது நடந்ததைப் பாருங்கள். அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, இயந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவில் வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு கலந்தார்கள். ரத்தசோகைக்காக. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார், 2024 மார்ச்சுக்குள் எல்லா அரசுத் திட்டங்களுக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் அதைச் சொன்னவர் யாரும் இல்லை. முறத்தில் புடைக்கும்போது கொஞ்சம் வெளுப்பாக, கண்ணாடித்தன்மை இல்லாமல், சில சமயம் தண்ணீரில் மிதக்கிற மணிகள் தென்பட்டன. வாட்ஸ்அப்பில் 'பிளாஸ்டிக் அரிசி' என்று செய்தி ஓடியது. அத்தை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். அரசு காசு செலவழித்து உள்ளே வைத்த சத்து அத்தனையும் கோழிக்குப் போனது. கோழிக்கு ரத்தசோகை வராது என்று நம்புவோம். கடை வாசலில் ஒரு தட்டில் அந்த மணியைத் தனியாகக் கொட்டி வைத்து, இதுதான் இது என்று இரண்டு வரி எழுதி ஒட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

இப்போது பற்றாக்குறைக் காலத்து அமைப்பு மிகுதிக் காலத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அரிசியும் கோதுமையும் சேர்த்து ஜூலை 1 அன்று 411 லட்சம் டன், அக்டோபர் 1 அன்று 308 லட்சம் டன் கையிருப்பு இருந்தால் போதும் என்பது 2015இல் வகுத்த அளவு. அரிசி மட்டுமே சமீப ஆண்டுகளில் தன் பங்குக்கு மேல் பல மடங்கு குவிந்து கிடக்கிறது. வைக்க இடமில்லாமல், 2024-25இல் எத்தனால் தயாரிக்க 52 லட்சம் டன் அரிசியைக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு ஒதுக்கினார்கள். 40 ரூபாய் அடக்கமான அரிசி, சாராய ஆலை மாதிரியான கொப்பரையில் போய், பெட்ரோலில் கலந்து எரிகிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்தால் பேனா ஓடாது. ஆனால் அதே வருடம் 18 சதவீத ஈரத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட மூட்டையை நினைத்தால்தான் கோபம் வருகிறது. எரிப்பதற்குப் போகும் அரிசிக்கு அந்த ஒரு சதவீதம் அவ்வளவு பெரிய குற்றமா?

மொத்தத்தையும் கலைத்துவிட்டு விவசாயி கையில் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கட்சி உண்டு. உணவுக் கழகத்தைச் சீரமைக்க 2014இல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு, நாட்டில் 6 சதவீத விவசாயிகளே ஆதரவு விலையில் அரசு அமைப்புகளுக்கு விற்கிறார்கள் என்று 2015 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, 'பார், யாருக்கும் பயனில்லை' என்பார்கள். நாடு முழுவதற்கும் சராசரி போட்டால் அப்படித்தான் வரும். டெல்டாவில் நின்று பார்த்தால் தெரிவது வேறு: நிலையம் திறந்திருக்கும் வாரத்தில் வெளி வியாபாரி சொல்லும் விலையும், நிலையம் மூடியிருக்கும் வாரத்தில் அவர் சொல்லும் விலையும் ஒன்றல்ல. அரசுக்கு விற்காதவனுக்கும் அந்த நிலையம் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. வியாபாரியைக் குறை சொல்லவும் முடியாது. அவர் களத்துக்கே வண்டி கொண்டுவருகிறார், ஈரத்தோடு எடுத்துக்கொள்கிறார், கையில் காசு வைக்கிறார். அதற்கு விலையில் கழித்துக்கொள்கிறார். நிலையத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். குத்தகைக்கு உழுகிறவரிடம் இதில் பாதி இருக்காது.

அதனால் கழகம் வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை. ஒரே ஓர் எண்ணைக் கொண்டு எல்லா ஊர் மழையையும் அளக்காதீர்கள் என்கிற கட்சி.

இது முடியாத காரியமும் அல்ல. கொள்முதல் பருவம் நாடு முழுவதும் அக்டோபர் 1ஆம் தேதிதான் தொடங்கும் என்று இருந்தது. புது ஆதரவு விலையும் அன்றிலிருந்துதான். 2022இல் மேட்டூர் அணையை மே மாதமே திறந்துவிட்டதால் குறுவை முன்கூட்டி வந்தது. மாநிலம் கேட்டது, மத்திய அரசு ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டுக்குச் செப்டம்பர் 1 என்று ஆனது. வானம் இடிந்து விழவில்லை. அதே மாதிரி, செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை டெல்டா மாவட்டங்களுக்கு 20 வரை வாங்கலாம், 17க்கு மேல் உள்ள ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் இவ்வளவு கழிவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். 40 கிலோ மூட்டையில் ஒரு சதவீதம் ஈரம் ஏறினால் கழிக்க வேண்டியது அரைக் கிலோவை ஒட்டித்தான். தண்ணீருக்குக் காசு கொடுத்தோம் என்ற குறையும் வராது, நெல்லும் சாலையில் முளைக்காது. குழுவின் விமானச் செலவும் மிச்சம். அப்படி வாங்கிய நெல்லை உடனே காயவைக்கும் உலர்த்தி இயந்திரம் நிலையங்களுக்கோ, ஆலைகளுக்கோ வேண்டும். அதை விவசாயி தலையில் கட்டாமல் கொள்முதல் செலவின் ஒரு பகுதியாக எழுத வேண்டும், சாக்கு மாதிரி, லாரி வாடகை மாதிரி.

இதையெல்லாம் ஒரு தாளில் கணக்குப் போட்டு மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கழிவு அரைக் கிலோ என்பதில் கொஞ்ச நேரம் நின்று, மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, "பரவால்ல, வியாபாரி இதவிட ஜாஸ்தி புடிப்பான்" என்றார். அப்புறம் உலர்த்தி வரிக்கு வந்தார்.

"மெஷின் குடுத்துருவாங்க மாப்ளே, அதுல சந்தேகமில்ல. போட்டோ எடுத்துப் போடுவாங்க. டீசல் யாரு ஊத்துறதுன்னு இதுல எழுதலயே நீ?"

எழுதவில்லைதான். ஒரு டன் நெல்லை 22இலிருந்து 17க்குக் கொண்டுவர எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். உமியை எரித்தே செய்துவிடலாம், டீசல் எதற்கு என்கிறார் அவர். உமி ஆலையில் இருக்கிறது, ஈர நெல் நிலையத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை அடுத்த பதிவில் போடுகிறேன்.